வெர்லா கட்டிய கடைசிப் பெட்டி

வெர்லா மிசௌரிக்காரனோடு ஓடிப்போனாள் என்பது சுத்தப் பொய். சலவைக்கூடத்தில் டார்லீன் புரூயிட் அதைச் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மிசௌரிக்காரனுக்கு எழுபத்தொன்பது வயது. மூக்கில் குழாய் வைத்துத்தான் மூச்சு விடுகிறான். அவனோடு ஓடுவதென்றால் சிலிண்டரை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கேட்டேன். டார்லீன் வேறு பக்கம் தாவினாள்.

"சரி, புருஷன் குழிமண்ணு காயறதுக்குள்ள அவன் பாம்பையெல்லாம் வித்துத் தள்ளினாளே. அதுவும் பொய்யா, மிஸ் ஓபல்?"

விற்றாள். அது மெய். ஏன் விற்றாள், எப்படி அனுப்பினாள் என்பது டார்லீனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பாம்பு போட்ட பைகளின் வாயை முடிச்சுப் போட்டதில் பாதி இந்தக் கை.

வெர்லா டீக் முப்பத்தொரு வருஷம் என் எதிர் டிரெய்லர் வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் புருஷன் டாய்ல் குழாய் ரிப்பேர் செய்கிறவன். பின்னறையில் அலமாரி அடித்து, தட்டுக்கு நாலு பிளாஸ்டிக் டப்பாவாக அடுக்கி, டப்பாவுக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று பாம்பு வளர்த்தான். எல்லாம் பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு. விஷம் கிடையாது. ஆனாலும் வெர்லா அந்த அறைக் கதவைத் தாண்டியதே இல்லை. பாம்புக்கு வாங்கும் எலிகளின் ஐஸ்பெட்டி பின்வாசலில்தான் இருக்கும், சமையலறைக்குள் வரக் கூடாது. கல்யாணமான புதிதில் அவள் போட்ட ஒரே சட்டம் அது. டாய்ல் மீறவில்லை.

பாம்புகளில் மூத்தது இருபத்தாறு வயதுப் பெண் பாம்பு. அதற்கு டாய்ல் தன் மாமியார் பெயரை வைத்திருந்தான், யூனிஸ் என்று. ஏனடா என்று கேட்டால், "ரெண்டு பேரும் மெல்லாமலே முழுங்குறவங்க" என்பான். வெர்லா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவளே அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று.

ஜனவரியில் டாய்ல் போனான். கணையத்தில் புற்று. கண்டுபிடித்த ஏழாவது வாரம். ஆஸ்பத்திரியில் அவளிடம் அவன் கேட்டது ஒன்றுதான். மொத்தமாக ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடாதே, ஒவ்வொன்றும் அதையே தேடிக் கேட்கிற ஒரு ஆளிடம் போகட்டும். சரி என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் எங்கள் டிரெய்லர் வரிசையின் மேனேஜர் ரட், ஒரு தட்டு கோழி நூடுல்ஸைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தான். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவது எங்கள் வழக்கம். தட்டை அவள் கையில் கொடுத்தபடியே சொன்னான், பாம்பு வைத்துக்கொள்ள இந்த இடத்தின் பழைய முதலாளி அனுமதி கொடுத்தது டாய்லுக்கு, இப்போது டாய்ல் இல்லை, ஏப்ரல் முடியும்போது ஒரு பாம்புகூட இங்கே இருக்கக் கூடாது, மீறினால் மாவட்ட ஆபீசிலிருந்து கவுன்டி ஆட்களைக் கூப்பிடுவேன் என்று. கேட்பாரில்லாத மலைப்பாம்பைக் கவுன்டி ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

டாய்லின் நோட்டில் பெயர்கள் இருந்தன. கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் தூரத்து மாநிலங்களில், ஓரிகனில், ஒஹாயோவில், மெய்னில். தபாலாபீஸ் பாம்பு எடுக்காது. ஒரு கூரியர் கம்பெனி எடுக்கும், அதுவும் அவர்களே சோதித்து அனுமதி கொடுத்த ஆளிடம் மட்டும். டாய்லின் அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெர்லா அவர்கள் ஆபீசுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் வாசித்துப் பார்த்து, இது அவர் பெயரில் இருக்கிறது, அவரோடு முடிந்துவிட்டது என்றாள்.

"அதே பாம்புதான், அதே பெட்டிதான்" என்றாள் வெர்லா.

"கட்டுற ஆள் வேறயாச்சேம்மா" என்றாள் அந்தப் பெண். வெடுக்கென்று சொல்லவில்லை. டாய்லை அவளுக்கும் தெரியும்.

ஆக, வெர்லா தன் பெயரில் முதலிலிருந்து தொடங்கினாள். பாம்பு அனுப்புகிற மாதிரியே ஒரு பெட்டி கட்டி, பாம்பில்லாமல் அவர்களுடைய சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே உயரத்திலிருந்து போடுவார்கள், மேலே பாரம் ஏற்றுவார்கள், பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மாகோல், அதற்குள் துணிப்பை, குளிருக்கு ஒரு சூட்டுப் பொட்டலம்.

முதல் பெட்டி தோற்றது என்னால். மறைக்க மாட்டேன். சின்ன வயதில் குளிர்காலத்தில் எங்கள் அம்மா செங்கல்லை அடுப்பில் சுட்டு, கம்பளித் துணியில் இறுகச் சுற்றிக் கட்டிலின் கால்மாட்டில் வைப்பாள். விடியும்வரை பாதம் சுடும். அந்த நினைப்பில், பொட்டலத்தைத் துண்டில் சுற்றி, டேப் ஒட்டி, பைக்கு அடியில் வை என்றேன். வைத்தாள். வெறும் பையை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கனம் இல்லாவிட்டால் பெட்டியைப் பூப்போல எறிவார்கள், சோதனையே பொய்யாகிவிடும் என்றாள். டாய்லின் காலுறை ஒன்றில் காய்ந்த மொச்சையை நிரப்பிப் பைக்குள் போட்டாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது, அவள்தான் சத்தமாக வாசித்தாள். சூட்டுப் பொட்டலத்துக்குக் காற்று வேண்டும், இறுக்கிச் சுற்றினால் அணைந்துபோகும், எரிந்தாலும் அடியில் வைத்தால் பாம்பு வெந்துபோகும், மூடிப் பக்கம் காற்றுப் படும்படி ஒட்டு. பைக்குச் சுற்றிலும் இடைவெளி இருந்ததால் உள்ளே உருண்டிருக்கிறது, காகிதம் திணி. கடைசி வரியை வாசிக்கும்போது அவளுக்குக் குரல் உடைந்து சிரிப்பு வந்துவிட்டது: 'விழுந்த வேகத்தில் காலுறை கிழிந்து பெட்டியெங்கும் பயறு சிதறியிருந்தது.' அவன் போனபின் அவள் சிரித்தது அன்றுதான். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள உசுரு இருந்திருந்தா, மிஸ் ஓபல்?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் பெட்டி கட்டிப் பழகினாள். கட்டுவாள், வாசல்படி உயரத்திலிருந்து போடுவாள், பிரிப்பாள். இரண்டாவது பெட்டி போய், மார்ச் நடுவில் அனுமதி வந்தது. கூடவே ஒரு தாள். திங்கள், செவ்வாய், புதன் மட்டும் அனுப்புவேன். உறைகுளிரிலும் கடும் வெயிலிலும் அனுப்ப மாட்டேன். நோயுள்ள பிராணியை அனுப்பவே மாட்டேன். கீழே கையெழுத்து. வீட்டு வாடகை, வண்டி, மின்சாரம், எல்லாம் டாய்லின் கையெழுத்தில் ஓடிய வீடு அது. அவள் பேனாவைத் துடைத்துவிட்டு மெதுவாகப் போட்டாள். இப்படி ஒரு தாளில் என் பெயர் மட்டும் தனியாக இருப்பதை முதல்தடவை பார்க்கிறேன் என்றாள்.

முதல் பாம்பைப் பாத்திரம் கழுவும் கையுறை போட்டு எடுத்தாள். ஐந்தாவதை வெறுங்கையில் எடுத்தாள். அனுப்பிய மறுநாள் காலையில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வந்து சேர்ந்தது, நாக்கை நீட்டுகிறது என்று அந்தப் பக்கம் சொன்னபிறகுதான் காப்பி குடிப்பாள். ஒரு வாரம் வடகாற்று அடித்து உறைந்தது. அந்த வாரம் ஒன்றுமே அனுப்பவில்லை. நாள் போகிறதே என்று நான்தான் பதறினேன். நாற்பத்திரண்டு போயின. நாற்பத்திரண்டும் உயிரோடு சேர்ந்தன. குழிமண் காய்வதற்குள் தள்ளியவள் செய்கிற காரியமா இது?

மிச்சம் யூனிஸ். அதை டாய்லின் பழைய சிநேகிதன், அந்த மிசௌரிக்காரன், கேட்டிருந்தான். ஏப்ரல் மூன்றாவது வாரம் அதற்கு மூச்சு இழுத்தது. வாயோரத்தில் நுரை. டாக்டரிடம் கொண்டுபோனோம். நுரையீரலில் சளி, மூன்று நாளைக்கு ஒரு ஊசி போடுங்கள், சூடாக வைத்திருங்கள், தூரப் பயணம் தாங்காது என்றார். போனில் கேட்டுவிட்டு மிசௌரிக்காரன், பரவாயில்லை அனுப்பு, எப்படி இருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

ஏப்ரல் முடிய இரண்டே நாள். நான் ரட்டிடம் போய் ஒரு மாதம் கேட்டேன். ஒரு பாம்பும் பாம்புதான் என்றான். திரும்பி வந்து வெர்லாவிடம் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"பையைக் கட்டிட்டா யார் கண்ணுக்குடி தெரியப் போவுது? அனுப்பிடு."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தாளுக்கா உசுரு இருக்கு?"

"இதுக்கு இருக்கே" என்றாள், டப்பாவைப் பார்த்து.

அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு ஊருக்கு வெளியே பண்ணை உண்டு. கோழிக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை, அடுப்பு மட்டும் உண்டு, தண்ணீர் வெளியிலிருந்து சுமக்க வேண்டும். பாம்பையும் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். அங்கேதான் போனாள் வெர்லா. முப்பத்தொரு வருஷ வீட்டை ஒரு கிழட்டுப் பாம்புக்காக விட்டுவிட்டுப் போனாள். டார்லீன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

கிளம்பின அன்று காலையில் போனேன். சாமான்கள் முன்னாலேயே போய்விட்டன. பத்து மைல் தூரத்துக்கு யூனிஸை முறைப்படி பெட்டி கட்டியிருந்தாள். காகிதம் திணித்து, பொட்டலம் மூடிப் பக்கம், காற்றுக்கு ஓட்டை, எல்லாம் இருந்தது. மேலே சீட்டுக்கூட ஒட்டியிருந்தாள். அனுப்புகிறவர் பெயர் மேலே, பெறுகிறவர் பெயர் கீழே. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்தேன்.

"ரெண்டும் உன் பேரா?"

"ஆமா."

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டி மறைத்ததால் கீழே ஒன்றும் தெரியவில்லை. நான் முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் படி ஆடும், டாய்ல் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த படி, பார்த்து இறங்கு என்றேன்.

"தெரியும்" என்றாள். இறங்கினாள்.