எண்பது வாரத்துக்கொரு விண்கலம்

உலகத்தில் மற்றவர்களுக்கு லீவு நாள்காட்டியைப் பார்த்து வரும். பூபதிக்குக் கோழியைப் பார்த்து வரும்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அவர் சூப்பர்வைசர். முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை லாரி வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நாள் சும்மா போட்டுவைப்பார்கள். அந்தச் சும்மா இருக்கும் காலத்தில் பத்து நாள் பூபதிக்கு லீவு. கணக்குப் பார்த்தால் எண்பது வாரத்துக்கு ஒருமுறை. நடுவில் வரும் பொங்கலும் தீபாவளியும் கோழிக்குத் தெரியாது. ஆகையால் பூபதிக்கும் தெரியாது.

எண்பது வாரம் காத்திருந்து கிடைக்கும் பத்து நாளில் ஒரு மனிதன் மட்டமான நாவலைப் படித்துவிட்டால் அவன் கதி என்ன? அடுத்த நல்ல நாவலுக்கு இன்னொரு எண்பது வாரம். நாட்டின் நிதிநிலை அறிக்கையைக்கூட வருஷத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். பூபதிக்கு அந்தச் சலுகையும் இல்லை.

பூபதி படிப்பது விஞ்ஞானக் கதைகள் மட்டும்தான். ராக்கெட், வேற்றுக் கிரகம், மூளையுள்ள இயந்திரம், காலத்தில் பின்னால் போய்த் தாத்தாவைச் சந்திப்பது. இந்தப் பழக்கம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. இருபத்தைந்து வயதில், திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலையாக ஊர் ஊராகத் திரிந்தபோது, வண்டியின் டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் யாரென்று தெரியாது. பூமிக்குள் ஆயிரம் அடி இறங்கும் வண்டியில் ஆகாயத்துக்குப் போகும் கதை. பாஷை தெரியாத ஊர்களில், பாறை உடைகிற சத்தத்துக்கு நடுவே அதை இருபத்து மூன்று தடவை படித்தார். அதற்குப் பிறகு கல்யாணம், மகள், கோழிப்பண்ணை எல்லாம் வந்தன. ஆனால் அந்தக் கதையைப் பற்றிப் பேசத்தான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆள் வரவில்லை. பண்ணையில் ஒருமுறை வெளிச்சம் ஒரு வருஷத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று ஆரம்பித்தார். முதலாளி குமரகுரு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் பூபதி, மூணாவது ஷெட்டுல பல்பு எரியறதில்லையாமே?" என்றார்.

புத்தகம் வாங்குவது சேலத்தில், கரீம் பாஷாவின் பழைய புத்தகக் கடையில். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பெரிய வீடுகளைக் காலி செய்தால் அங்குள்ள அறிவு முழுவதும் ஆட்டோவில் ஏறி அவர் கடைக்கு வந்துவிடும். அறுபத்தேழு வயதான பாஷா நாற்பது வருஷமாகப் புத்தகம் விற்கிறார், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "ஸ்வீட்டுக் கடைக்காரன் ஸ்வீட்டு திம்பானா?" என்பது அவருடைய கட்சி.

அங்கே பூபதி நாவல் எடுக்கும் முறை, முட்டை தரம் பிரிப்பதிலிருந்து வந்தது. முதலில் கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்து, நடுப்பக்கம் ஒன்றை விரித்து உற்றுப் பார்ப்பார். முப்பதாவது பக்கத்துக்குள் தரையை விட்டுக் கிளம்பாத ராக்கெட் கழிவு. விஞ்ஞானி மூன்று பக்கத்துக்கு மேல் தொடர்ந்து பேசினால் விரிசல். கதாநாயகி ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டுப் பாடினால் கூமுட்டை. தேறியவற்றையும் உடனே பண்ணைக் குடியிருப்புக்குள் விடமாட்டார். வெளியிலிருந்து பேன், பூச்சி எதுவும் கோழிக்கு வந்துவிடக் கூடாதென்று, வாசலில் வருகிறவர்கள் கால் நனைக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வெளியே இரண்டு நாள் வெயிலில் காய வைத்த பிறகே அனுமதி. வேற்றுக் கிரகத்துக்குள் நுழையும் மனிதர்களுக்குக்கூடக் கதைகளில் இவ்வளவு கெடுபிடி கிடையாது.

இந்த முறை லீவு நெருங்கியபோது, அவர் மனைவி ரஞ்சிதா பையில் துணி அடுக்கிக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஏனுங்க, போன லீவுல என்ற தங்கச்சி ஊட்டுல பத்து நாளு இருந்தமே, நீங்க மொத்தம் எத்தன வார்த்த பேசினீங்கன்னு தெரியுங்களா?"

"எத்தன?"

"பதினொண்ணு. அதுல நாலு 'உப்பு இல்ல'. நான் எண்ணிட்டேதான் இருந்தனுங்க."

பூபதி தலையைச் சொறிந்தார். அது பதினொன்றில் சேரவில்லை.

"அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன். எனக்கும் ஒரு பொஸ்தகம் எடுத்து வெய்யுங்க. ஒண்ணே ஒண்ணு. நல்லா இருந்துச்சுன்னா சரி. இல்லீன்னா, அடுத்த லீவுலருந்து பொஸ்தகம் ஊட்டுலயே இருக்கோணும். நாம மட்டுந்தான் போவோம். சம்மதமுங்களா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டுப் பூபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். தேர்வில் ஜெயித்தால், இருபத்திரண்டு வருஷமாக வராத ஆள் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிடுவாள். தோற்றால் ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை.

பாஷா கடையில் அன்று மூன்று மணி நேரம் நின்றார். எதை எடுத்தாலும் ரஞ்சிதாவின் முகம் குறுக்கே வந்தது. ராட்சசப் பூச்சிகள் வரும் கதையா? வீட்டில் கரப்பான் பூச்சி வந்தாலே ஊரைக் கூட்டுகிறவள். காலப் பயணமா? இருபது வருஷம் பின்னால் போக முடியும் என்று தெரிந்தால் கல்யாணத்தை மறுபரிசீலனை செய்தாலும் செய்வாள்.

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இம்புட்டு நேரம் நீங்க நின்னிருக்க மாட்டீங்க பூபதி," என்றார் பாஷா. "உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதக் குடுத்துட்டுப் போங்களேன்."

பூபதிக்குச் சட்டென்று வெளிச்சம் வந்தது. தனக்கென்று இரண்டு நாவல்களை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பீரோவுக்குள் வேட்டிக்கு அடியிலிருந்து அந்த அட்டையில்லாத ரிக் வண்டிப் புத்தகத்தை எடுத்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ரஞ்சிதாவின் பையில், சேலைகளுக்கு மேலே வைத்தார்.

ரஞ்சிதாவின் தங்கை வீடு பள்ளிபாளையத்தில். கீழே தறிப்பட்டறை, மேலே குடும்பம், அதற்கும் மேலே மொட்டை மாடி. தறி ஓடும்போது அந்த வீட்டில் ரகசியம் பேச முடியாது. சாதாரணமாகவே பேச முடியாது. காபி வேண்டுமா என்பதைக்கூட ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஈரோட்டுக்காரனைக் கேட்பதுபோலத்தான் கேட்க வேண்டும்.

ரஞ்சிதா முதல் நாள் நான்கு பக்கம் படித்துத் தூங்கிவிட்டார். பூபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கொண்டை வெளுத்து நோய் கண்டிருக்கிறதா என்று கோழியைப் பார்ப்பதுபோல மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் புத்தகம் சமையலறைக்குப் போனது. ஐந்தாம் நாள் அதன் ஓரத்தில் மஞ்சள் கறை. ஆறாம் நாள் ஒரு கேள்வி வந்தது.

"ஏனுங்க, இந்த ஆகாசக் கப்பல்ல இருநூறு பேருக்கு யாரு சோறாக்கறது?"

"எல்லாம் மாத்திரைதான்."

"அப்பப் பாத்தரம் கழுவற வேலையே இல்லீங்களா?" ரஞ்சிதா கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்தார். "நல்ல ஊராத்தான் இருக்குது."

பூபதி அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் துணி காய வைக்கும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து ரஞ்சிதா கடைசித் தாளைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். பின்னட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க! மிச்சம் எங்கீங்க?"

"என்ன மிச்சம்?"

"கப்பல் கதவு சாத்தறதுக்கு நாப்பது செகண்டு இருக்குது. அந்த நிலானி திரும்பி... அதோட நிக்குது. எங்க திரும்பினா?"

பூபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், 'அவள் திரும்பி' என்பதோடு முடிந்திருந்தது. முன்னூற்றுப் பதிமூன்று இல்லை. அதற்குப் பின் எதுவுமே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவில்லை. உண்மையிலேயே ஆடிப்போய்விட்டார். நிலானி திரும்பி நடந்து போய் வழிகாட்டும் விளக்கடியில் உட்காருவாள். கப்பல் அவளை விட்டுக் கிளம்பும். கேப்டன் ஆதன் கண்ணாடி வழியாகப் பார்ப்பான். அந்த இடத்தில் அவர் எத்தனையோ தடவை அழுதிருக்கிறார். முன்னூற்று இருபதாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும் என்றுகூடச் சத்தியம் செய்திருப்பார். இருபத்திரண்டு வருஷமாக, இல்லாத பதினாறு பக்கத்தைப் படித்திருக்கிறார். ரிக் வண்டியில் தானாகக் கட்டிய முடிவு, நாளாக நாளாக அச்சாகிப்போயிருந்தது.

"பாத்துப் பாத்து எடுத்தீங்களே!" என்றார் ரஞ்சிதா. "ஊருக்கெல்லாம் நல்ல முட்டைய அனுப்பிப்போட்டு, ஒடஞ்சத ஊட்டுக்குக் கொண்டுவர்ற மாதிரியே பண்ணிப்போட்டீங்க."

போயிற்று. அடுத்த லீவில் புத்தகம் இல்லை. பூபதி எழுந்து காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

"துணி கெடக்குது. உக்காருங்க. என்ன ஆச்சுன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

சொன்னார். கீழே பன்னிரண்டு தறி ஓடியதால் கத்திச் சொன்னார். பின்னால் வரும் கப்பல்களுக்கு வழிகாட்ட யாராவது ஒருவர் அந்த இருட்டுக் கிரகத்தில் விளக்கைக் காத்து நிற்க வேண்டியிருப்பதை, நிலானி நின்றுவிடுவதை, கப்பல் போவதை. சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஞ்சிதாவுக்குத் துடைக்க எதுவும் இல்லை.

"அவ எதுக்குங்க நிக்கோணும்?"

"தியாகம்!"

"நாப்பது செகண்டுல நான் ஒரு ட்ரே முட்ட அடுக்குவேன்! ஓடியாந்து கப்பல்ல ஏற முடியாதாக்கும்?"

"அப்ப வெளக்கு?"

"அந்தக் கேப்டன் எறங்கி நிக்கட்டும்! முன்னூறு பக்கமா சன்னலோரம் நின்னு பெருமூச்சு உட்டதத் தவிர அவரு என்ன பண்ணினாருங்க?"

பூபதிக்குக் கேப்டனை ஏனோ விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "கேப்டன் இல்லாமக் கப்பல் எப்படி ஓடும்?"

"ஓட்டினது பூராம் அவ! எஞ்சின் பாத்தது அவ, ஓட்டய அடச்சது அவ. இவரு நட்சத்திரத்தப் பாத்தாரு!"

"அவருக்கும் மனசு கஷ்டந்தானே!"

"கஷ்டமா இருந்தாப் போதுங்களா?" ரஞ்சிதா முழு மூச்சையும் திரட்டினார். "அந்தப் பொம்பளய ஒத்தையில உட்டுப்போட்டு வர்ற ஆளோட எவளும் குடும்பம் பண்ண மாட்டா!"

அந்த வாக்கியத்தின் நடுவில் மின்சாரம் போனது. பன்னிரண்டு தறியும் ஒரே நொடியில் நின்றன. அடுத்த வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, தெருவே நின்றது. 'பொம்பளய' என்பதில் தொடங்கி மீதி முழுவதும் பள்ளிபாளையத்துக்குத் துல்லியமாகக் கேட்டது. எதிர் மாடியில் ஒரு அம்மாள் வடாம் தட்டுவதை நிறுத்தினார்.

பட்டறையிலிருந்து தங்கை புருஷன் இளவழகன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார், தலையெல்லாம் பஞ்சு.

"சகல, என்னங்க சகல இது? இந்த வயசுல? எந்தப் பொம்பளைங்க?"

"நிலானிங்க. எஞ்சினியரு."

"படிச்ச பொண்ணு வேறயா! எங்க இருக்குது?"

"அது... வேற கிரகத்துலீங்க."

இளவழகன் ரஞ்சிதாவைப் பார்த்தார். ரஞ்சிதா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதுவரை இளவழகனுக்கு ஆளுக்குப் பாதியாகக் கதை சொன்னார்கள். அவருடைய தீர்ப்பு: விளக்குக்கு ஒரு இன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மிச்சமிருந்த இரண்டு நாளும் பூபதி தன் நாவல்களைத் தொடவில்லை. நேரம் கிடைக்கவில்லை. கேப்டனை எப்படிக் கீழே இறக்குவது என்பதில் கருத்து வேற்றுமை இருந்தது. வார்த்தைகளை இந்த முறை யாரும் எண்ணவில்லை.

லீவு முடிந்து, புதுக் கோழிகள் ஷெட்டில் ஏறுவதற்கு முந்தின நாள், ரஞ்சிதா தானே பூபதியையும் கூட்டிக்கொண்டு பாஷா கடைக்குக் கிளம்பினார். "அடுத்த லீவுக்கு நான் எடுக்கறேனுங்க," என்றார். பூபதியின் வெயில் சோதனை, எடைச் சோதனை எதையும் அவர் மதிக்கவில்லை. நேராகப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறப்பார், மூடி வைப்பார்.

"இதுல கடைசிப் பக்கம் இருக்குதுங்க பாய். வேண்டாம்."

பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது, நாப்பது வருசத்துல இப்பிடி ஒரு கிராக்கி வந்ததில்ல. கடைசி இல்லாததெல்லாம் நேத்துதாம்மா எடைக்குப் போட்டேன்!"

கடைசியில் ஒரு நல்ல தடித்த நாவல் அகப்பட்டது. முப்பதாம் பக்கத்துக்குள் ராக்கெட் கிளம்பியது, விரிசல் இல்லை. குறை ஒன்றுதான்: முழுசாக இருந்தது. பூபதியும் ரஞ்சிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பூபதி, மகளுக்குக் காது குத்தும்போது பிடித்ததுபோலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசி எட்டுத் தாளை இணுக்கி எடுத்தார். அதை ஒரு கவரில் போட்டு, பாஷாவிடம் ஒப்படைத்தார்கள். லீவில் படித்து, சண்டை போட்டு, இருவரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பாஷாவைவிட நம்பகமான ஆள் கிடையாது. அவர்தான் எதையும் படிக்காதவராயிற்றே.

இரண்டாவது வாரம், புதன்கிழமை மத்தியானம் இருவரும் பண்ணை வாசலுக்கு வெளியே நின்றிருந்தபோது பூபதியின் போன் அடித்தது.

"பூபதி, தப்பா நெனைக்காதீங்க. கடையில வியாபாரம் இல்ல, சும்மா உக்காந்திருந்தேன். அந்தக் கவரு கண் முன்னாலயே இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த இயந்திரம் எதுக்கு அழுவுது?"

ரஞ்சிதா போனைப் பிடுங்கினார். "பாய்! வாயத் தொறக்கக் கூடாது நீங்க! ஒரு வார்த்த வெளிய வரக் கூடாது. இன்னும் எழுபத்தெட்டு வாரம் இருக்குதுங்க."

"எழுபத்தெட்டா?" பாஷாவின் குரல் உடைந்தது. "எனக்கு அறுபத்தேழு வயசும்மா. அதுவரைக்கும் என்னால தாங்க முடியாது. நான் கடைசியச் சொல்ல மாட்டேன், அல்லா மேல ஆணை. மொதல் பக்கத்துலருந்து என்னாச்சுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

ரஞ்சிதா போனைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தார். ஷெட்டுக்குள் புதுக் கோழிகள் இரைந்துகொண்டிருந்தன. லீவுக்கென்று எடுத்து வைத்த புத்தகம் பீரோவில், வேட்டிக்கு அடியில் இருந்தது.

"போய் எடுத்துட்டு வாங்க," என்றார் ரஞ்சிதா. "பெரிய மனுசரு, பாவம்."

பூபதி மருந்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஓடினார். நாற்பது செகண்டுக்குள் திரும்பிவிட்டார்.