அண்ணியின் புள்ளிகளும் என் கலோரிகளும்

அம்மா சிரிக்கும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு பின்வாசலில் நிற்கிறேன். சமையலறைச் சன்னல் ஆவியில் மங்கியிருக்கிறது. உள்ளே அண்ணி, என் அண்ணனின் மனைவி, அவித்த முட்டை ஒன்றை விரல்நுனியில் தூக்கிப் பிடித்து ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறாள். "முட்டை சைபர் புள்ளி! யாருக்கு வேணும், யாருக்கு வேணும்?" நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, "எனக்கு ரெண்டு குடு லா. சைபரும் சைபரும் சேந்தா சைபர்தானே" என்று உடம்பு குலுங்கச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடமிருந்து வாங்கியதே இல்லை. நான் பட்டம் வாங்கிய அன்றைக்கு அழுதாள், அது வேறு. நான் துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, உள்ளே போகாமல், ஈரத் தலையோடு குளிரில் அங்கேயே நின்றேன்.

சிரிக்கிற விஷயமாக அது தொடங்கவில்லை. அம்மா தேயிலைச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கியே வாழ்நாளைக் கழித்தவள். வேலையிலிருந்து நின்ற பிறகு வலது முழங்கால் சுத்தமாகத் தேய்ந்துபோயிற்று. எங்கள் வீடு எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், லயத்தில், கடைசி வீடு. சாலையிலிருந்து சிமெண்டுப் படிகள் ஏறித்தான் வரவேண்டும். அம்மா அந்தப் படிகளில் இறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கோயில் இல்லை, தானா ராத்தா கடைத்தெரு இல்லை, யார் வீட்டுக் கல்யாணமும் இல்லை. ஈப்போவில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாற்று மூட்டு வைக்கலாம், ஆனால் இந்த எடையில் நான் கத்தியைத் தொட மாட்டேன், குறைத்துக்கொண்டு வாருங்கள், தேதி தருகிறேன் என்றார். அண்ணன் ஓட்டிய காடியில் மலையேறித் திரும்பினோம். அண்ணனும் நானும் தூக்காத குறையாக அவளைப் படியேற்றினோம். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே என்னயப் பெட்டியில வச்சுத்தான் எறக்குவீங்க."

நான் கோலாலம்பூரில் உணவு அறிவியல் படித்துவிட்டு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம் அது. படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் துடித்துக்கொண்டிருந்தவளுக்கு அம்மாவின் எடை ஒரு பரீட்சைத் தாள் மாதிரி வந்து விழுந்தது. அன்றைக்கே கலோரி எண்ணும் செயலியைப் போனில் இறக்கினேன். மறுநாளே சிவப்பாக ஒரு சமையல் தராசு வாங்கி வந்தேன். விஷயம் எளியது. தின்கிற ஒவ்வொன்றுக்கும் உடம்பில் எரிகிற சக்தி இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு, செலவாவதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே போனால் உடம்பு தன் சேமிப்பில் கை வைக்கும், எடை இறங்கும். சோற்றை நிறு, மீனை நிறு, எண்ணெயைக் கரண்டியால் அள, எல்லாவற்றையும் போனில் ஏற்று. இதில் கஷ்டப்பட என்ன இருக்கிறது என்று நிஜமாகவே நினைத்தேன்.

முதல் நாள் தராசில் சோற்றுத் தட்டை வைத்ததுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வாழ்நாள் பூரா என் கொழுந்த நிறுத்தானுங்க. மழ பேஞ்சா தண்ணின்னு கழிச்சானுங்க, காம்பு முத்தல்னு கழிச்சானுங்க. இப்ப வீட்டுக்குள்ளயே என் சோத்த நிறுக்க ஆளு வந்தாச்சா?" அதற்குப் பிறகு நான் தராசை எடுத்தாலே, "கங்காணி வந்துட்டா, எல்லாம் தட்டத் தூக்கு" என்று குரல் கொடுப்பாள். சில நாள் பேரமும் நடக்கும். "கொழம்புல பாதி தண்ணிதானடி, அதக் கழிச்சுக்கிட்டுப் போடு. எங்களுக்குக் கழிச்சானுங்கல்ல." பேரத்தில் அவள் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நாலு பேருக்கு ஒரே சட்டியில் வைக்கிற குழம்பில் அம்மாவின் கரண்டிக்கு எவ்வளவு எண்ணெய் வந்தது என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. அதற்கு உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் வெண்டைக்காயைக் கிராம் பிசகாமல் நிறுத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணி இதையெல்லாம் கொஞ்ச நாள் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கம்போங் ராஜாக்காரி. அங்கே ஒரு பூத்தோட்டத்தில் பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தவள். கல்யாணத்துக்கு முன்பு நல்ல பருமனாக இருந்தவளாம். அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போன் வழியாக ஒரு புள்ளித் திட்டத்தில் சேர்ந்து, வாட்சாப்பில் ஒருவரை ஒருவர் கேலி செய்தே இளைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு சின்ன எண். சீனியும் கொழுப்பும் அந்த எண்ணை ஏற்றும், புரதம் இறக்கும். ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்துவிடுவார்கள், அதற்குள் என்ன வேண்டுமானாலும் தின்னலாம். முட்டை, தோலில்லாத கோழி, காய், பழம் போன்றவை சைபர், எண்ணவே வேண்டாம். ஒருநாள் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது அண்ணி மெதுவாக, "அத்த, நிறுக்கவே வேணாம், வெரல விட்டு எண்ணுனா போதும். வெளாடிப் பாப்பமா?" என்றாள். அவ்வளவுதான். அம்மா அன்றைக்கே கட்சி மாறிவிட்டாள்.

நான் விடவில்லை. "அது கலோரிதான் அண்ணி. வேஷம் கட்டிக்கிட்டு வருது, அவ்ளோதான்" என்றேன். அண்ணி கோபிக்கவில்லை. அவள் கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "இருக்கட்டுமே பாப்பா. வேஷம் கட்டுனாத்தானே கூத்துப் பாக்க ஆள் வருது" என்றாள். அம்மா அதற்கும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பொறந்ததுலேருந்தே ஈர்க்குச்சி. உனக்கு என்னடி தெரியும்? அவ குண்டா இருந்து எளச்சவ" என்றாள். என் படிப்பு, என் தராசு, என் செயலி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கீழே விழுந்தன. ஒல்லியாகப் பிறந்தது ஒரு குற்றமாகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இன்றைக்கு யாராவது இரண்டில் எது நல்லது என்று கேட்டால் என்னால் பொறாமை கலக்காமல் பதில் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். கலோரிக் கணக்கில் ஒளிவு மறைவு கிடையாது. எது உன்னை ஏமாற்றுகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். ஆனால் அலுத்துப்போகும். புள்ளிக் கணக்கு வயிற்றை மட்டுமல்ல, ஆசையையும் கணக்கில் எடுக்கிறது. சாயங்காலம் எண்ணெய் மினுக்கும் பரோட்டா போன்ற ஒரு ரொட்டி சானாய்க்காகக் காலையிலிருந்து புள்ளியைப் பொத்திப் பொத்தி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறது. அதன் கோளாறு அந்த சைபரில் இருக்கிறது. சைபர் என்று சொல்லிவிட்டால் மனிதர்களுக்குக் கை நிற்காது. அம்மா ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரியை முடித்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குக் கை நீட்டுவாள். இரண்டு வழியும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: குறைவாகச் சாப்பிடுவது. இதை நான் அப்போதே அறிவேன். ஆனால் அண்ணி வேலை விட்டு வரும் நேரம் பார்த்து அம்மா வலியோடு எழுந்து சன்னலுக்கு வந்து நிற்பாளே, அதை எந்த அறிவால் சரிசெய்வது? நான் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்காக யாரும் சன்னலில் நின்றதில்லை.

முதலில் எடை நன்றாக இறங்கியது. இறங்கும் ஒவ்வொரு வாரமும் வீட்டில் திருவிழாதான். அப்புறம் திடீரென்று நின்றுவிட்டது. வாரம் வாரமாக முள் அசையவில்லை. டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு மூலையில் இனித்தது. இன்னொரு மூலையில் பயம் கிள்ளியது. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் எடை பார்க்கும் கருவியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "விடுங்க. இந்தப் படிதான் எனக்கு எல்லன்னு எழுதியிருக்கு" என்று படுத்துக்கொண்டாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டாள். அண்ணியின் முகத்திலும் வழி தெரியவில்லை. இதுதான் என் நேரம் என்று எனக்குத் தோன்றியது. திட்டத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதை நான்தான் பிடிக்க வேண்டும். சோளத்தைச் சந்தேகித்தேன், பழத்தைச் சந்தேகித்தேன், அண்ணன் ஒளித்துக் கொண்டுவந்து தரும் வடையைச் சந்தேகித்தேன். எதுவும் கணக்குக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டுச் சுவரோரம் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பூத்தோட்டத்தில் கழித்துப்போடும் சாமந்திக் குச்சிகளை அண்ணி கொண்டுவந்து காலி டின்களில் நட்டுவைப்பாள். வரிசை சுவரின் மூலை வரை போய்த் திரும்பியிருந்தது. பூவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் டின்னைப் பார்த்தேன். எல்லாமே டின் பால் டின்கள். கெட்டியாக, இனிப்பாக, ஸ்பூனிலிருந்து நூல் மாதிரி இறங்குமே, அந்தப் பால். அண்ணி வந்த பிறகு எங்கள் வீட்டில் காலியானவை அத்தனையும் பூத்து நின்றன. தண்ணீர்க் குவளையை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

எல்லோரும் பசியாற உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தன தே குடிக்கிற?" அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "அத யாரு எண்ணுவா? எழுந்தா ஒரு கிளாஸ், பசியாறுனா ஒரு கிளாஸ், பேச்சுத்துணைக்கு ஆளு வந்தா ஒரு கிளாஸ். தே என்ன சாப்பாடாடி?" அண்ணன் வாயில் இடியப்பத்தோடு, "நம்ம மலையில தேயக் கணக்குல சேத்தா ஒருத்தனும் தப்பிக்க மாட்டான் லா" என்றான். என் செயலியில் அப்போது நான் ஏற்றியிருந்த கணக்கைத் தேடிப் பார்த்தேன். வெண்டைக்காய் கிராமில் இருந்தது; ஒரு கிளாஸ் தேகூட இல்லை. தேயிலை நடுவில் பிறந்த நான் அதைக் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை. அண்ணியின் பட்டியலிலோ தேநீர் சைபர் என்றே இருந்தது. பாலும் சீனியும் போடாத தேநீர் என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை.

அண்ணி முகம் தொங்கும் என்று காத்திருந்தேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். "பாப்பா, ஒனக்கு மூள லா!" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். "அத்த, நீங்க ஊத்துற பாலுக்கு ஒரு கிளாஸ் ஆறு புள்ளி."

"ஆறா!" அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். "அடப்பாவி, நான் நேத்துப் பேச்சுத்துணைக்கே ஒரு ரொட்டி சானாயக் குடிச்சுருக்கேனே. பாதி பால் ஊத்துனா?"

"மூணு."

"பாலே இல்லாம?"

"தே ஓ கோசோங், பாலும் இல்ல சீனியும் இல்ல. சைபர்."

அம்மா விரலை விட்டு எண்ணினாள். பிறகு, எழுந்ததும் ஒரு கிளாஸ் பாலோடு, மற்றதெல்லாம் கோசோங் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். நான் கலோரியில் இதையே சொல்லியிருந்தால் கங்காணி தேயையும் பிடுங்கிவிட்டாள் என்று லயம் முழுக்கக் கேட்டிருக்கும். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது அம்மா சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எடை ஏன் நின்னுச்சுன்னு என் மருமகதான் கண்டுபிடிச்சா. தேயில இருக்கு விஷயம்!" நான் நின்றேன். திருத்துவாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவள் அண்ணியின் கெட்டிக்காரத்தனத்தின் அடுத்த கதைக்குப் போய்விட்டாள்.

எடை மறுபடி இறங்கியது, டாக்டர் தேதி கொடுத்தார், அறுவை நன்றாக முடிந்தது. துணைக்கு ஒருவர்தான் தங்கலாம் என்றார்கள். நான் பையில் மாற்றுத் துணி, கொறிக்கப் பட்டாணி, படிக்கப் புத்தகம் எல்லாம் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். "அவ இருக்கட்டும்டி, நீ வீட்டப் பாத்துக்க" என்றாள் அம்மா. வீட்டுக்கு அனுப்பும்போது, கொஞ்ச காலத்துக்குப் படியேற வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, அண்ணி கம்போங் ராஜாவில் பூத்தோட்டத்துப் பக்கம் சமதரையில் ஒரு வாடகை வீடு பிடித்தாள். கொஞ்ச காலம் என்றுதான் போனார்கள். அண்ணனுக்கு லோரி அங்கிருந்து பக்கம், அண்ணிக்கு வேலை பக்கம், அம்மாவுக்குக் கடைத்தெரு பக்கம். ஆபீஸ் வேலையால் என் பேரில் இருக்கும் லயத்து வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். அம்மா தினமும் போனில், "பசியாறுனியா?" என்று கேட்கிறாள். எப்போது வருவாய் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். மூவரும் கடைக்கு நடந்தோம். இனி ஊன்றுகோல் வேண்டாம், யாரையும் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம் என்று டாக்டர் கடைசிமுறை சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். என் காதாலேயே கேட்டேன். அம்மாவும் பார்க்க அழகாக, நேராக நடந்தாள். ஆனாலும் அவளுடைய வலது கை அண்ணியின் முழங்கைக்குள் நுழைந்திருந்தது. இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு முன்னால் போனார்கள். திரும்பும்போது முள்ளங்கியும் கீரைக்கட்டும் போட்ட பை அம்மாவின் இடது கையில் இருந்தது. நான் எட்டி நடந்து அந்தப் பக்கமாகப் போனேன்.

"குடும்மா, நான் தூக்குறேன்."

அம்மா பையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். "இருக்கட்டும்டி. இது ஒண்ணும் கனமா இல்ல."