தகரத் தாலி

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோதுமை மா காய்ச்சும் புளித்த மணம் எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினிதான் நினைவுக்கு வரும். அது சாப்பாட்டுக்குக் காய்ச்சிய மா அல்ல, நகை ஒட்டுவதற்காக அக்கா காய்ச்சிய "பசை".

அம்மாவின் அண்ணன் மகன் ராசன் மச்சான், பாலத்துக்கு அப்பால் பட்டினத்தில் கலியாண வீடியோ எடுக்கும் கடையொன்றில் வேலை செய்தார். முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கமராவைத் தருவதாகச் சொன்னதும், சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். முதல் காட்சியே கலியாணம். அவருக்கு எடுக்கத் தெரிந்தது அதுதான்.

எங்களுடையது அப்பா இல்லாத வீடு, அம்மா அப்பம் சுட்டு விற்றுத்தான் அடுப்பெரிந்தது. ஆகவே படத்துக்கு வேண்டியதையெல்லாம் வீட்டில் கிடந்ததைக் கொண்டே செய்தோம். அம்மாவின் பழைய கலியாணக் கூறைச் சேலை மடிப்புகளில் கிழிந்திருந்ததால், அக்கா உட்பக்கம் மாச்சாக்குத் துணி கொடுத்துத் தைத்தாள்; அட்டையில் அட்டியல் வெட்டி, சிகரெட் பெட்டித் தங்கத்தாளை ஒட்டினாள். மாப்பிள்ளைத் தலைப்பாகை, கவிழ்த்த ஓலைப்பெட்டியின் மேல் வேட்டியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தது. தாலி என் பங்கு. பிஸ்கற் டின்னின் உட்பக்கம் பொன்னிறமாக இருக்கும். அதில் வெட்டி, ஓரத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து, ஆணியால் துளையிட்டு, மஞ்சள் பூசிய நூலில் கோத்தேன். "கமராக்கு மினுங்கினாப் போதும்டா" என்றார் மச்சான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வருவதாக இருந்த கதாநாயகியைத் தகப்பன் விடவில்லை. "நீ இருக்கிறியா?" என்று மச்சான் அக்காவைக் கேட்டார். அவள் இரண்டாந்தரம் கேட்க விடவில்லை.

உரலைக் கவிழ்த்து அதன்மேல் கமராவை வைத்து, பொத்தானை அமத்த என்னை நிறுத்தினார்கள். கமராவின் சின்னக் கண்ணாடிக்குள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. பசை மணத்துக்குத் தலைப்பாகைக்குள் எறும்பு ஏறி மச்சான் நெளிந்தார்.

"என்ன மாப்பிள, தலையில பேனோ?" என்றாள் அக்கா, குனிந்தபடியே.

"பொறு புள்ள, தாலி ஏறட்டும். பேன் பாக்கிற வேல உனக்குத்தான்."

கழுத்துக்குப் பின்னால் நூலைப் பிடித்துக் காட்டினால் போதும் என்றுதான் பேச்சு. ஈர மஞ்சளில் நூல் இரண்டு தரம் வழுக்கி விழ, அடுத்த தரம் மச்சான் முடிச்சுப் போட்டார்; மூன்று முடிச்சு. போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தேன்.

அகப்பையோடு வெளியே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டா. அக்கா அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"கை வையாத!"

"படத்துக்குத்தானம்மா."

"அது படமெண்டு தாலிக்குத் தெரியுமா?"

அக்கா முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மச்சான்தான் சொன்னார்: "அவிழ்க்க வேணாம் மாமி. ஆவணியில பொன்னில செஞ்சு கொண்டு வாறன்."

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தா. "முதல்ல தலையில இருக்கிற எறும்பத் தட்டு மனே" என்றா. அதுதான் அம்மாவின் சம்மதம்.

அன்று பின்னேரம், படம் பிடித்த நாடாவை உள்ளே வைத்தபடியே கமராவைத் திருப்பிக் கொடுக்க மச்சான் சைக்கிளில் போனார். அவர் பாலத்தில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர் இல்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் பலர். அம்மா ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்று கேட்டு, கால் ஓய்ந்து வீட்டோடு இருந்துவிட்டா.

தாலியைக் கழற்றினால் மச்சான் இல்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும். ஆகவே நூல் நைந்து போகும்போதெல்லாம், தகரத்தைப் புது நூலுக்கு மாற்றி, அதைக் கட்டிக்கொண்ட பிறகே அக்கா பழையதை அறுத்தாள். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் நூலைக் கண்டு திரும்பினார்கள். பொன்னிறம் போய், தகரம் துருப்பிடித்து, அவள் நெஞ்சில் கறுப்புத் தழும்பு விழுந்தது. நான் மேசன் வேலையில் உழைக்கத் தொடங்கியதும் பொன்னில் செய்து தருவதாகச் சொன்னேன். "அவர் கட்டினது இதுதானே தம்பி" என்றாள்.

போன மாதம் அக்கா கண்மூடினாள். குளிப்பாட்டிய பெண்கள் வெள்ளையா, கூறையா என்று தெரியாமல் நின்றார்கள். "குமராத்தானே இருந்தவ" என்றாள் ஒருத்தி. "அப்ப கழுத்தில கிடக்கிறது என்ன?" என்றாள் மற்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நா ஒட்டிக்கொள்ளும். எப்போதும் வேலியோரம் நிற்பவன். அன்று முன்னால் போனேன்.

"ராசன் மச்சான் கட்டினவர். மூணு முடிச்சு. நான் கண்டன்."

 மாச்சாக்குத் துணி வைத்துத் தைத்த அதே கூறையை உடுத்தி, தகரத் தாலியோடே அவளைக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

அம்மா இல்லை, மச்சான் இல்லை, அந்த வீடியோக் கடை இருந்த இடமும் இப்போது தெரியவில்லை. அந்த நாடா யாரிடம் போனதோ, எந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ. அக்காவின் கலியாணத்தைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன். அன்று பொத்தானை அமத்திய விரலால்தான் இதை எழுதினேன்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், மாசி பதினாறு.