நான் அணில் கட்சி

அது ஐந்து லிட்டர் எண்ணெய் டின். நாலு பக்கமும் ஜன்னல் போல வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை மடக்கி, மந்தைவெளியில் எங்கள் இரண்டாம் மாடிப் பால்கனியில் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். அதில் குருவிகளுக்குக் கம்பும் நொய்யரிசியும் போடுவது என் வேலை. கட்டிலில் சாய்ந்தபடி அதைக் காவல் காப்பது அப்பாவின் வேலை. முப்பது வருடம் பேருந்தில் கண்டக்டராக நின்றே சம்பாதித்த மனிதர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபின், கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும்தான் அவருடைய ரூட். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நான் ஒரே பெண், கல்யாணமும் ஆகவில்லை. அவர் எங்கே மாட்டிக்கொண்டாரோ அங்கேயேதான் நானும். நான் அலுவலகம் போகும் நேரத்துக்கு மட்டும் துணைக்கு ஓர் ஆயம்மா வருவார். ஆறு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார் என்பதால், ஐந்தரைக்கெல்லாம் மாம்பலம் அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவேன்.

முதலில் சிட்டுக்குருவிகள் வந்தன. நாலாம் நாள் அணில் வந்தது. "டிக்கெட் வாங்காம ஏறுது பாரு" என்றார் அப்பா. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. கம்பியில் கிரீஸ் தடவச் சொன்னார், தடவினேன். அணில் கம்பியைத் தொடாமல் கிரில்லிலிருந்து நேரே தாவியது. கிரீஸ் என் புடவையில்தான் ஒட்டியது. டின்னுக்கு மேல் பழைய அலுமினியப் பேசினைக் கவிழ்த்துக் கட்டினேன். மேலே ஏறிய அணில் ஒரே ஒரு தடவை வழுக்கி விழுந்தது, மறுநாள் கீழிருந்து வந்தது. தானியத்தில் மிளகாய்த்தூள் கலந்தால் பறவைக்கு உறைக்காது, அணிலுக்கு உறைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதையும் செய்தேன். காற்று அத்தனையையும் வீட்டுக்குள் வாரி அடித்தது. அப்பாவும் நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அணில் தின்றுகொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் டின்னில் சாரல் அடித்துக் கம்பு முளைவிட்டுவிட்டது. குடையைக் கட்டச் சொன்னார். அது ஒரே காற்றில் மடங்கி, எதிர்வீட்டுக் கொடியில் போய் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் முக்காலியில் ஏறி நிற்பவள் நான். படுக்கையிலிருந்து "இன்னும் கொஞ்சம் லெப்ட்ல, லெப்ட்ல" என்று சொல்பவர் அவர். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் உள்ளுக்குள் அணில் கட்சி. அது ஜெயிக்கும்போதெல்லாம் எனக்கு அற்ப சந்தோஷம். அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. வியாதிக்காரர்மேல் கோபப்படுகிறோமே என்று என்மேலும் கோபம்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பதினோரு வருடம் காத்திருந்து வந்தது. ஆனால் மதுரைக்குப் போக வேண்டும். ஒரு வாரத்தில் சம்மதமா இல்லையா என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்பாவை இந்த மாடியிலிருந்து இறக்கி அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. ராத்திரியும் தங்க முடியுமா என்று ஆயம்மாவைச் சமையலறையில் ரகசியமாகக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

அதே வாரத்தில் அப்பா கடைசி அஸ்திரமாக வலை போட ஆள் கூப்பிடச் சொன்னார். புறாவுக்குப் போடுவார்களே, அந்த நைலான் வலை. வந்தவர் பெரிய கண்ணி, சின்னக் கண்ணி இரண்டையும் காட்டினார். "சின்னதே போடு. டைட்டா கட்டு. ஒண்ணும் பூரக் கூடாது" என்றார் அப்பா. தரையிலிருந்து கூரை வரை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். டின் பத்திரமாகிவிட்டது.

காலையில் குருவிகள் வந்து வலைக்கு வெளியே கத்தின. யாருக்காக இந்தக் காவலோ, அவையே உள்ளே வர முடியாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சிரிப்பதற்குள் உள்ளே ஏதோ தடதடவென்று ஓடியது. அணில். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்திருக்கிறது, அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். வலையில் ஏறி இறங்கி, மூலைக்கு மூலை முட்டியது. டின் நிறையக் கம்பு இருந்தது. அது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுத்து வுடும்மா" என்றார். கத்தரிக்கோலால் வலையின் மூலையை அறுத்தேன். கொஞ்ச நேரம் பயந்து உட்கார்ந்திருந்த அணில் ஓட்டையில் தலையை நீட்டியது. "போலாம், ரைட்!" என்று அப்பா பழைய குரலில் கத்தினார். அது பைப்பைப் பிடித்து இறங்கி மறைந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். "மதுரைக்கு நீ கெளம்பும்மா. ஆயம்மா எல்லாம் சொல்லிச்சு. ராவுல தங்குறேன்னுகீது. இன்னாத்துக்கு எனக்காவ குந்திகினுகீற?"

ஆயம்மா என்னிடம் பதில் சொல்லாததால், முந்தின நாள் மாலையே நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த இடத்துக்கு அப்போதே, என் கண்ணெதிரில், வேறொருவர் பெயரும் போய்விட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் அத்தனை நாள் காணாத ஒரு தெளிவு இருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "சரிப்பா" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் நான் ஊட்டுவதை நிறுத்திவிட்டார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, பாதி சட்டையிலும் பாதி வாயிலுமாகச் சாப்பிடப் பழகினார். நான் துடைக்கப் போனால் தோளால் தள்ளினார். இன்றைக்கு எத்தனை வாய் சிந்தாமல் சாப்பிட்டார் என்று சாயங்காலம் எனக்குக் கணக்குச் சொல்வார். சொல்லிவிட்டு, "அடுத்த மாசந்தானேம்மா கெளம்பற?" என்பார். அவர் இருந்த கடைசி எட்டு மாதமும் அதையே கேட்டார். எட்டு மாதமும் நான் "ஆமாம்ப்பா" என்றே சொன்னேன்.