சகலையை மிஞ்சிய தகடு

நம் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள் மேல்தான் பொறாமை. சகலை. அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர். தோட்ட வேலை செய்பவர். செடியும் மண்ணும் ஏற்றுகிற குட்டி டிரெய்லருக்கு, கோடு கோடாகப் புடைத்த அலுமினியத் தகடு அடித்து வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும்.

பழுதான மெஷின்களை ஏற்றிவர இவரும் ஒரு டிரெய்லர் வைத்திருந்தார்; அதன் தளம் வெறும் பிளைவுட். ஈரம் ஊறி உப்பி, ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மெஷின் விற்கிற கடைக்காரர் கூப்பிட்டார்.

"இனிமே புது மெஷினையெல்லாம் நீங்களே வாங்கினவங்க வீட்டுல கொண்டுபோய் இறக்குங்க. முதல்ல அந்த ஓட்டை வண்டியச் சரி பண்ணுங்க."

நிரந்தர வேலை! கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டாம். இதைக் கோட்டை விட்டால் இனி இப்படி ஒன்று வராது.

"தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். அவர் வண்டி எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்றாள் மனைவி.

"ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மரக்கடைக்காரர் ஒரு பலகையைத் தட்டிக் காட்டினார். "மருந்து ஏத்தின மரம், ஈரத்துல உப்பாது. நடுவுல கொஞ்சம் சந்து விட்டுப் போடுங்க, தண்ணி நிக்காது. மெஷின் காலுக்கு முட்டுக்கட்டை வச்சு ஆணி அடிச்சிட்டா அசையவே அசையாது."

சரியான யோசனைதான். அது இவருக்கும் தெரிந்தது. ஆனால் வெறும் பலகை போட்ட வண்டியோடு சகலை வீட்டு வாசலில் போய் நிற்பதா? நேரே தகடு விற்கிற கடைக்குப் போனார். சகலை போட்டிருந்த அதே தகடு அங்கே இருந்தது. அதைப் போட்டால் காப்பியடித்தான் என்பார்கள். சீச்சீ!

"இதைவிட மினுங்கறது எது?"

வழவழவென்று முகம் தெரிகிற எவர்சில்வர் தகட்டை எடுத்துப் போட்டார்கள். அதில் தலையை வாரிக்கொண்டு, இதுதான் என்றார்.

முதல் மெஷினை ஏற்றிய அன்றே வினை. பெல்ட் போட்டு இறுக்கித்தான் கட்டியிருந்தார். ஆனால் மேட்டில் வண்டி ஏறியதும் மெஷின் அடியில் பிடிப்பில்லாமல் வழுக்கி, பின்கதவைப் பெயர்த்துக்கொண்டு பாதி வெளியே வந்துவிட்டது. முதுகால் அதை முட்டுக்கொடுத்து நின்றபடி, "யாரையாவது அனுப்பு" என்று மனைவிக்கு போன் போட்டார்.

அனுப்பினாள். வேறு யாரை அனுப்புவாள்?

"அண்ணே, அப்படியே புடிங்க, விட்டுடாதீங்க" என்று சகலை ஓடி வந்தார். நசுங்கிய மெஷின் சகலையின் டிரெய்லரில் ஆடாமல் அசையாமல் கடைக்குத் திரும்பியது. கடைக்காரர் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே இவரே ஏத்தட்டும்" என்று சகலையைக் காட்டினார்.

மெஷின்காரர் தன் எவர்சில்வர் தகட்டைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு.

"ஐயோ, எனக்கெதுக்குங்க?" என்றார் சகலை. "மெஷினை மாட்டுறது, ஓட்டிக் காட்டுறது எல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும். தளம்தான் சரியில்ல. நாளைக்கே நான் கூட இருந்து பலகை போட்டுக் குடுத்துடுறேன்."

கடைக்காரர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். வேலை பிழைத்தது.

வீட்டில் மனைவிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "என்ன மனுஷங்க அவரு! கையில வந்த வேலைய உங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாரே!"

மெஷின்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தப் பாவி, வேலையை அவனே எடுத்துக்கொண்டிருந்தால், ஆயுசு முழுக்க நிம்மதியாகத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.