தேவயானி டீச்சர் வாங்கிய மெமோ

தேவயானி டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அது பிள்ளைகள் மேல் வராது என்பதும் தெரியும். சுற்றறிக்கை மேல் வரும், சுற்றறிக்கை கொண்டு வருகிறவர்கள் மேல் வரும், அதற்குத் தலையாட்டும் தலைமையாசிரியர் முருகையன் மேல் நிறையவே வரும். முருகையன் பாவம், ஓய்வு பெறும் வரைக்கும் எந்த வம்பும் வேண்டாம் என்று இருக்கிறவர். வம்பு அவர் அறைக்குப் பக்கத்து அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அவர்தான் என்ன செய்வார்?

டீச்சருக்கு வீடு பெரம்பலூரில். காலையில் பஸ் ஏறி அரியலூர் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலையோரத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேருவார். ஒன்பதுக்கும் பத்துக்கும் அவர்தான் ஆங்கிலம். ஆங்கிலம் நடத்துகிற டீச்சர் என்றால் பிறக்கும்போதே ஆங்கிலத்தில் அழுதிருப்பார் என்று சிலருக்கு நினைப்பு. இவர் பிறந்தது செட்டிகுளம் பக்கம், அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயத்துக்குக் களையெடுத்த தங்கசாமிக்கும் கொளஞ்சியம்மாளுக்கும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஆங்கில வாத்தியார் அவரை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். தேவயானிக்குப் பதில் தெரியும். மனதுக்குள் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குப் பொறுமை இல்லை. "ஒனக்கு எதுக்கு இங்கிலீஷு? வெங்காயம் புடுங்குறதுக்கா?" என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். அடி வாங்கியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க யாரும் அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான் மறக்கவில்லை. கேட்கவே லாயக்கில்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வீம்பில்தான் கல்லூரியில் ஆங்கிலத்தையே பாடமாக எடுத்தார். பாசம், ஆசை, லட்சியம் எல்லாம் சொல்லிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவயானி படித்தது சுத்தமான வீம்புக்கு.

இப்படிப்பட்டவரின் வகுப்புக்குத்தான் ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனையும் சோதிக்கக் கல்வித் துறையிலிருந்து ஒரு குழு வந்தது. குழுவுக்குத் தலைவர் அறிவரசன் என்ற இளைஞர். தன்மையானவர், பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒலிபெருக்கியில் ஒரு பதிவு ஓடும், பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுத் தாளில் விடையைக் குறிக்க வேண்டும். அப்புறம் ஒரு பத்தியை வாசித்து விடையைக் குறிக்க வேண்டும். டீச்சரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

பதிவில் ஒரு பெண்குரல், ரவி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனான் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரவி வென்ட் டு த மார்க்கெட் ஆன் சண்டே" என்று கூரை அதிரத் திருப்பிச் சொன்னது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களுக்கு அதுதானே பழக்கம். டீச்சர் ஒரு வரி சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும், டீச்சர் அடுத்த வரிக்குப் போவார். இந்தப் பெண்குரலுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அது இரண்டு வரி தாண்டிப் போயிருந்தது. மிச்சம் காதில் விழுந்த அரை வரியைப் பிடித்து அதையும் கத்தினார்கள். அறிவரசன் கையைக் காட்டி அமைதி அமைதி என்றதை, இன்னும் சத்தமாக என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டார்கள். பதிவு முடிந்தபோது ரவி சந்தையில் என்ன வாங்கினான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பிரமாதமாகச் செய்துவிட்டோம் என்று ஒவ்வொரு முகத்திலும் பெருமை. வெளியே நின்ற தேவயானி தலையில் அடித்துக்கொண்டார்.

முடிவு வந்தது. கேட்டல் திறனில் அந்த வட்டாரத்திலேயே கடைசி இடம். வாசித்தலில் பரவாயில்லை என்றாலும் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும், வருடம் முடியும் வரை ஆங்கில வகுப்பில் அதற்கென்று அச்சிட்ட புத்தகத்தை மட்டும்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு. புத்தகங்கள் கட்டாக வந்து இறங்கின. அட்டையில் பெரிய ஆப்பிள் படம், உள்ளே ஏ, பி, சி, டி. மீசை அரும்பிய பையன்களும் தாவணி வயசுப் பெண்களும் ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அதை ஆறாம் வகுப்புப் பொடியன்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தைத் தொடாமலே இவர்கள் பத்தில் போய் உட்கார வேண்டும்.

தேவயானி கட்டைப் பிரிக்கவில்லை. அறிவரசனுக்குப் போன் போட்டு, பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, வாயைத்தான் மூடத் தெரியவில்லை, இன்னொரு முறை வைத்துப் பாருங்கள் என்றார். அவர் தயங்கினார். டீச்சர் விடவில்லை. தினம் ஒரு போன். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார்.

மறுதேர்வு என்றதும் முருகையன் டீச்சரைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். டீச்சர் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டியது. முதல் விடை சரியென்றால் மூக்குக் கண்ணாடியைத் தொடுவது, இரண்டாவது என்றால் தலைமுடியைச் சரிசெய்வது. எங்கேயும் நடக்காததா?

"ஏம்மா, புள்ளைங்களுக்கு நல்லதுதானே செய்யப்போறோம்" என்றார்.

"இதுங்களுக்கு வராதுன்னு அவங்க சொல்றாங்க. நான் கண்ணாடியத் தொட்டா, நானும் அதையேதான் சொன்ன மாதிரி சார்" என்றார் தேவயானி.

அடுத்து வந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது ஆங்கிலப் பாடமா, மௌன விரதமா என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர்களுக்கே குழப்பம். டீச்சர் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! வரி முடிந்ததும் உதடுகள் தானாக அசைந்தன. சிலர் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டார்கள். வீரமணி என்ற பையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியும், உள்ளேயிருந்து முனகல் வந்தது. அப்புறம் டீச்சர் அரியலூர் ரயில் நிலையத்தில் போனில் பிடித்து வந்த ஆங்கில அறிவிப்பைப் போட்டார். எந்த வண்டி, எந்தப் பிளாட்பாரம், எவ்வளவு நேரம் தாமதம் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ரயில் நிலையத்தில் யாரும் அறிவிப்பைத் திருப்பிச் சொல்வதில்லையே, வாயை மூடிக்கொண்டுதானே கேட்கிறீர்கள் என்றார் டீச்சர். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு இவ்வளவு நாளும் ஆங்கிலம் கேட்கத் தெரிந்திருந்தது என்பது அவர்களுக்கே செய்தி.

கவியா மட்டும் கொஞ்சம் வேறு. கல் உடைக்கப் போகிற மருதாயியின் மகள். எதைக் கேட்டாலும் பதில் வரும், ஆனால் மெதுவாக வரும். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் அவள் முதல் கவளத்தை எடுப்பாள். சொற்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தேவயானிக்குத் தன் ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வரும்.

மறுதேர்வு நாளன்று வகுப்பு தயாராக இருந்தது. சாலை தயாராக இல்லை. பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள், லாரி உறுமுகிறது, அந்தப் பெண்குரல் காணாமல் போகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் அதே கதைதான். அறிவரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேவயானி குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போய், நடுச்சாலையில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முதல் வண்டி டிரைவர் தலையை நீட்டி என்னக்கா என்று கேட்டார். உள்ளே பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள், இன்ஜினையும் அணைத்துவிடுங்கள் என்றார் டீச்சர். டிரைவர் பின்னால் திரும்பி மற்றவர்களுக்குச் சைகை காட்டினார். ஹாரன் அடிக்கக் கை வைத்தவர்களும் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் நடுரோட்டில் நின்றதால் கண்ணாடியைத் தொட்டாரா, தலைமுடியைக் கோதினாரா என்று யாரும் சந்தேகப்படவும் வழியில்லாமல் போனது.

வகுப்பில் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கேட்டலும் முடிந்தது, வாசித்தலும் முடிந்தது. அங்கேயே திருத்தினார்கள். வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் தேறிவிட்டது. அறிவரசனுக்கு உண்மையிலேயே சந்தோஷம், பிள்ளைகளுக்காகக் கைதட்டினார். முருகையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேறாதவர்கள் ஏழு பேர். அவர்களில் கவியாவும் ஒருத்தி. முதல் கேள்விக்கு அவள் யோசித்து முடிப்பதற்குள் பதிவு நின்றுவிட்டது. அதில் அவள் குறித்த ஒரே ஒரு விடை சரியாகத்தான் இருந்தது.

ஏழு ஆப்பிள் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஏழு பேரைத் தனியாக வராந்தாவில் உட்கார வைத்து அதை நடத்துங்கள், மற்றவர்களுக்கு வழக்கமான பாடம் என்றார் அறிவரசன். நியாயமான பேச்சுதான். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிக் காபி வரவழைத்திருப்பார்கள். முருகையன் அதற்கு ஆள்கூட அனுப்பிவிட்டார்.

"ஏழு பேரும் என் வகுப்புலதான் இருப்பாங்க சார்" என்றார் தேவயானி.

அறிவரசன் பொறுமையாக விளக்கினார். இது பிள்ளைகளின் நன்மைக்காக, விதி இப்படித்தான், தேறியவர்கள் தேறாதவர்கள் என்று பிரித்தால்தான் கவனிக்க முடியும். டீச்சரும் பொறுமையாகத்தான் கேட்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முருகையனுக்கு மட்டும் தெரியும்.

"சோதிக்க வேண்டாம்னு சொல்லலீங்க. இன்னும் நூறு தடவ சோதிங்க. எவ்ளோ தெரியும்னு பாக்கத்தான் சோதிக்கிறது. எங்க உக்கார வெக்கிறதுன்னு பாக்கறதுக்கு இல்ல. ஒரு தடவ வெளிய உக்கார வெச்சிட்டா, அப்பறம் அந்தப் புள்ளய யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க சார். எனக்குத் தெரியும்." என்றார் டீச்சர்.

அறிவரசன் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும் என்றார். கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் புத்தகக் கட்டைத் தூக்கினார். கனமான கட்டு. பிரிக்காத அதை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், அவர்கள் வந்த ஜீப்பின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். காபி ஆறிப்போனது.

மெமோ அந்த மாதமே வந்தது. ஆங்கிலத்தில், ஒரு பக்கம். முருகையன் டீச்சரைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். ஊதிய உயர்வை நிறுத்திவிடுவார்கள், எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள், மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடும்மா என்றார். டீச்சர் அங்கேயே நின்று படித்தார். பயம் வரத்தான் செய்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். படித்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். கரும்பலகையைத் துடைத்துவிட்டு, மெமோவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினார். தன் பெயர் வந்த இடத்தில் தன் பெயரையும் எழுதினார்.

இன்றைக்கு வாசிப்புத் தேர்வு என்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பு வாசித்தது. வாசிக்க வாசிக்க முகங்கள் மாறின. வீரமணி கையைத் தூக்கினான், இன்னும் பலர் தூக்கினார்கள். டீச்சர் எல்லோரையும் கையை இறக்கச் சொல்லிவிட்டுக் கவியாவை எழுப்பினார். இந்தக் கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்றார்.

கவியா பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாக அவள் கண் இறங்கியது. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் முணுமுணுக்கவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. டீச்சர் மேஜையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். ஒரு பாடவேளையே அதில் போகட்டும் என்று இருந்தார்.

"எங்க ஏழு பேர வெளிய அனுப்ப மாட்டேன்னு நீங்க சொன்னீங்களாம். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு ஒங்களக் கேட்டிருக்காங்க டீச்சர்" என்றாள் கவியா.

"சரி. அதுக்கு என்ன பதில் எழுதலாம்?"

இந்த முறை இன்னும் நேரம் ஆனது. கவியா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதிலைத் தமிழில் சொல்லுவாள் என்றுதான் டீச்சர் நினைத்தார்.

"ஐ வில் சிட் ஹியர் ஒன்லி" என்றாள்.

தேவயானி அந்த வாக்கியத்தை மெமோவுக்குக் கீழே பலகையில் எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தன் வகுப்பு மாணவி கவியா தானே வாசித்துப் புரிந்துகொண்டு தந்த பதில் என்று குறிப்பிட்டு, அதே வாக்கியத்தை எழுதி, தனக்கும் பதில் இதுதான் என்று கையெழுத்துப் போட்டார். தாளை முருகையனின் மேஜையில் வைத்தார். அவர் அதை இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு, அனுப்பலாம் என்று ஓரத்தில் எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.