மறுதாரத்தின் பெயர்

என் கணவரின் முதல் மனைவியை நான் ஒருநாளும் கண்டதில்லை. கலியாணமாகி ஒன்றரை வருடத்தில் செங்கண்மாரி வந்து இறந்துபோனாள், பிள்ளைகள் இல்லை என்று சொல்லித்தான் தரகர் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இல்லாததால் எனக்கு ஒரு கரைச்சலும் இராது என்று அம்மா சந்தோஷப்பட்டா. 1983 ஆவணியில் அரியாலையிலிருந்து வலிகாமத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்தேன். இறந்தவளை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எத்தனை தரம் முயன்றாலும் எனக்கு அப்படி எழுத வருவதில்லை.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அலுமாரிக்கு மேலே தூசி தட்டப்போன இடத்தில் சுருட்டிக் கட்டிய பெரிய மட்டை ஒன்று கையில் அகப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் கீறும் பிறிஸ்ரல் போட். விரித்துப் பார்த்தால் என் கணவர் குடும்பத்தின் வம்சாவளி. ஐந்து தலைமுறை, பிறந்த நட்சத்திரத்தோடு, எந்த ஊரில் கலியாணம் முடித்தார்கள் என்பதோடு, உருண்டை உருண்டையான எழுத்தில், ஒரு வெட்டுக்கூட இல்லாமல் இருந்தது. அவள் காணிப் பதிவுக் கந்தோரில் வேலை பார்த்தவள். பழைய உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுப்பது அவளுடைய தொழில். வீட்டுக்கு வந்து புருஷனின் முன்னோரையும் பிரதி எடுத்திருக்கிறாள்.

மட்டையின் அடியில் என் கணவரின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு அவளுடைய பெயர். தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள். இரட்டைக் கோட்டின் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கி, ஒன்றும் இல்லாத வெள்ளையில் போய் நின்றது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு விட்ட இடம்.

ஒரு நல்ல மனுசிக்கு அதைக் கண்டதும் ஐயோ பாவம் என்று தோன்றியிருக்கும். எனக்கு முதலில் தோன்றியது, என்ன வடிவான எழுத்து என்பதுதான். நான் கலியாணத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கக்கடையில் பங்கீட்டுக் கூப்பன் பதிந்தவள். வரிசையில் நிற்கும் சனம் கத்தக் கத்த எழுதிப் பழகி, என் எழுத்து கோழி கிளறியதுபோல ஆகிவிட்டது. அன்று மத்தியானம் ஒரு கொப்பியில் அவளைப்போல உருட்டி எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கொப்பித்தாளைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

என் கணவர் விஞ்ஞானம் படிப்பித்தார். அவரிடம் மட்டையைப் பற்றிக் கேட்டபோது, "அவ துவங்கினது. முடிக்காமல் விடக்கூடாது" என்றார். மட்டையோடு ஒரு கொப்பியும் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், போய்ப் பார்க்க வேண்டியவை என்று அவள் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். யார் வீட்டில் பழைய உறுதிகள் இருக்கின்றன, எந்தக் கோயிலில் கேட்க வேண்டும், எந்தக் கல்லைப் பார்க்க வேண்டும் என்று. சனிக்கிழமைகளில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டியலின்படி புறப்படுவார். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் காலத்து வேதக்கோயிலும் பட்டியலில் இருந்தது. அங்கே ஆமி இருந்ததால் அதை மட்டும் விட்டார். எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொன்னதை ஆறு மாதம் மறந்தவர், அவள் எழுதி வைத்த ஒன்றையும் மறக்கவில்லை.

பட்டியலில் முக்கியமானது மயிலிட்டிப் பக்கம் போகும் பாதையோரம் நின்ற ஒரு சுமைதாங்கி. அது இருப்பது அவளுக்குத் தெரியவந்தது என் கணவரின் பூட்டனாருடைய கல்வெட்டிலிருந்து. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். செத்தவரின் வம்சம், பெருமை எல்லாம் பாட்டாக இருக்கும். பூட்டனாரின் முதல் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இறந்ததையும், அப்படி இறந்தவளின் சுமை இறங்கட்டும் என்று வழக்கப்படி சுமைதாங்கி கட்டியதையும் அந்தக் கல்வெட்டு அவளுடைய பெயரோடு சொன்னது. பிறகு பூட்டனார் மறுதாரம் முடித்தார். அந்த மறுதாரம் பெற்ற பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள்தான் என் கணவரும் அவருடைய பகுதியார் முழுப்பேரும். கல்வெட்டில் மனைவி புலம்பல் என்று ஒரு பகுதி வரும். அதில் இந்த மறுதாரம் பத்துப் பாட்டு அழுகிறாள். பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

மட்டையிலும் அவளுக்குப் பெயர் இல்லை. பூட்டனாருக்குப் பக்கத்தில் முதல் மனைவியின் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே சின்னதாக, மறுதாரம், பெயர் தெரியாது என்று அந்த உருண்டை எழுத்தில் இருந்தது. தனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு யார் வரப்போகிறாள் என்று தெரியாமல்தான் எழுதியிருப்பாள். எனக்கென்னவோ எனக்கே எழுதி வைத்த கடிதம்போலச் சுட்டது.

1986இல் ஒரு சனிக்கிழமை, மூத்தவளை அயல்வீட்டில் விட்டுவிட்டு, அவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு சுமைதாங்கி பார்க்கப் போனார். வெளியே கூட்டிப்போகிறாரே என்று நான் நல்ல சேலை உடுத்தியிருந்தேன். நிறுத்தி வைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு கல், அவ்வளவுதான். அவர் பொக்கற்றிலிருந்து வெண்கட்டியை எடுத்து எழுத்துகளின் மேல் தேய்த்தார். பூட்டனாரின் முதல் மனைவியின் பெயர் வெள்ளையாகத் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தோள் வலித்தது. அதில் தொங்கிய பையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்தேன்.

"உதிலை பையை வைக்காதையும்."

"சுமை வைக்கத்தானே கட்டினவை?"

"அவவின்ரை ஞாபகத்துக்குக் கட்டினது."

எந்த அவ என்று நான் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து பட்டியலில் அந்த வரிக்கு நேரே அவர் ஒரு சரி போட்டார். போட்டுவிட்டு அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். செத்தவளுக்கு வீட்டுப்பாடம் செய்து காட்டுகிறார் என்று எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கல்லில் இருந்த பெயரைச் சரிபார்க்க மட்டையை விரித்தார். அப்போதுதான் கண்டேன். எங்கள் மூத்தவளின் பெயரை அவர் எப்போதோ எழுதியிருக்கிறார். இரட்டைக் கோட்டிலிருந்து எழுதவில்லை. தன் பெயருக்கு நேர்கீழே தனிக் கோடு ஒன்று இழுத்து, அதன் நுனியில் பிள்ளையின் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை.

"பிள்ளை உங்களிலை இருந்து மட்டுமோ வந்தவள்?"

"பக்கத்திலை இடம் காணாது. அவவின்ரை பேர் இருக்கு."

"அப்ப அதை வெட்டிப்போட்டு எழுதுங்கோ."

"அவ எழுதினதை நான் வெட்டமாட்டன்."

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம். இந்தியன் ஆமி இருந்த காலத்தில் இளையவள் பிறந்தபோது, அவளுக்கும் அதேபோலத் தனிக் கோடு ஒன்று இழுத்தார். இரண்டு பிள்ளைகளும் தாயில்லாமல் தகப்பனிலிருந்து தொங்கினார்கள். இந்த வீட்டில் சமைத்து, பெற்று, காய்ச்சலுக்கு இரவும் பகலும் முழித்திருந்து, கடைசியில் நானும் பெயர் தெரியாத மறுதாரமாகத்தான் போகப்போகிறேன் என்று விளங்கியது. 1990இல் சண்டையில் மயிலிட்டிப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து அந்தப் பாதையும் பூட்டுப்பட்டபோது, "அந்தக் கல்லை இனி ஆர் பாப்பினம்?" என்று அவர் கவலைப்பட்டார். ஒரு கல்லின்மேல்கூட நான் பொறாமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1992இல் அம்மா இறந்தா. அந்தியேட்டி முடிந்து வந்த பிறகு, அம்மாவின் பெயரைப் பார்க்க வேண்டும்போல இருந்ததால் என் சீதன உறுதியை எடுத்து வாசித்தேன். அரியாலைக் காணி அம்மாவுக்கு அவவின் தாயிடமிருந்தும், அந்தத் தாய்க்கு அவவின் தாயிடமிருந்தும் வந்தது என்று பெயர்பெயராக எழுதியிருந்தது. எங்கள் வழக்கத்தில் தாயின் காணி சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் போகும். வாசித்துக்கொண்டிருந்தவள் எழும்பி நின்றுவிட்டேன். என் கணவரும் அவருடைய கந்தோர்க்காரியும் இத்தனை வருடமாகத் தேடியது முழுவதும் ஆண்பிள்ளைகளுக்குத் தகப்பன்வழி வந்த முதுசொம் உறுதிகளில். அதில் தகப்பன் பெயர்தான் வரும். மறுதாரம் பெற்ற பெண்பிள்ளை ஒருத்தியைச் சாவகச்சேரியில் முடித்துக் கொடுத்ததாக மட்டையில் இருந்தது. பெண் வழி என்று அதற்குக் கீழே கந்தோர்க்காரி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். அந்தப் பெண்பிள்ளையின் சீதன உறுதியில் தாய் இருக்கத்தானே வேண்டும்?

தூரத்துச் சொந்தத்தில் ஒரு அந்தியேட்டி என்று பொய் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடிய மினிவானில் பிள்ளைகளோடு சாவகச்சேரிக்குப் போனேன். விசாரித்து விசாரித்து, அந்தப் பெண்பிள்ளையின் பேத்தியைக் கண்டுபிடித்தேன். என் கணவருக்கு மச்சாள் முறை, எனக்கு அக்கா முறை. கேற்றைத் திறக்காமலே கேட்டா.

"பங்கு கேக்க வந்தனீரோ?"

"இல்லை அக்கா. ஒரு பேர் கேக்க வந்தனான்."

நம்பிக்கை வர ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் சென்றது. பிறகு றங்குப்பெட்டியைத் திறந்து, பூச்சி உருண்டை மணக்கும் துணிக்குள்ளிருந்து உறுதியை எடுத்தா. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அடியில் பூட்டனாரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு புள்ளடி. இது இன்னாருடைய அடையாளம் என்று நொத்தாரிசு அவளுடைய பெயரை எழுதியிருந்தார். எழுதத் தெரியாதவள்! எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. வெளிக்கிடும்போது அந்த அக்காவிடம், "ஆராவது ஆம்பிளை வந்து கேட்டால் காட்டிப்போடாதேங்கோ, பங்குக்காரராய் இருப்பினம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது கூடாத வேலைதான்.

அன்று பின்னேரமே அவரிடம் சொன்னேன்.

"மறுதாரத்தின்ரை பேர் கிடைச்சிட்டுது."

அவர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர், துள்ளி எழும்பினார். "ஆர்? சொல்லும், சொல்லும்."

"முதல் என்ரை பேரை எழுதுங்கோ. பிறகு சொல்லுறன்."

முசுப்பாத்தி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை கேட்டுப் பார்த்தார். எங்கே போனேன் என்பதைப் பிள்ளைகளிடமிருந்து அறிந்து, ஒரு சனிக்கிழமை தானே சாவகச்சேரிக்குச் சைக்கிள் மிதித்தார். அந்த அக்கா கேற்றைத் திறக்கவே இல்லை. வியர்வையில் நனைந்து திரும்பி வந்து, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதுறன்" என்றார்.

புது மட்டை வாங்கக் கடைகளில் மட்டை இல்லாத காலம் அது. பள்ளிக்கூடத்திலிருந்து பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் முட்டை, புழு, ஈ என்று இலையானின் வாழ்க்கை வட்டம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் ஐந்து தலைமுறையையும் முதலிலிருந்து எழுதினார். நான் பக்கத்தில் இருந்து, பூட்டனாரின் இடம் வந்தபோது அந்தப் பெயரைச் சொன்னேன். ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். கடைசியில் தன் பெயர், இடப்பக்கம் அவளுடைய பெயர், வலப்பக்கம் என்னுடையது. எங்கள் இரட்டைக் கோட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். அந்த மட்டையை விறாந்தைச் சுவரில் நானே ஆணி அடித்துக் கொழுவினேன். பால் கொண்டுவருபவருக்குக்கூடக் காட்டினேன். பழைய மட்டை சுருட்டினபடி அலுமாரிக்கு மேலே போனது. அதை எரிக்கச் சொல்லாமல் விட்டதை என் பெருந்தன்மை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

1995 ஐப்பசி முடிவில், ஆமி நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் உறுதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அரிசி, இரண்டு சட்டி, மாற்றுடுப்பு என்று கட்டினேன். அவர் சைக்கிள் பாருக்குக் குறுக்கே பொலித்தீன் சுற்றிய நீளமான ஒன்றைக் கயிற்றால் கட்டுவதைக் கண்டேன். சுவரிலிருந்த மட்டையைக் கழற்றிவிட்டார் என்று விளங்கியது. மழையிலும் நெரிசலிலும் அடி அடியாக நகர்ந்த அந்தப் பாதை முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சனம் அழுதுகொண்டு நடந்தது. நானும் அழுதேன். ஆனால் என் பெயர் அவருடைய சைக்கிளில் வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை வெயில் எறித்தது. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். எல்லோரும் நனைந்த சாமான்களை வாங்கில்களில் காயப்போட்டார்கள். நானும் பொலித்தீனை அவிழ்த்து மட்டையை விரித்தேன். உருண்டை உருண்டையான எழுத்து.

அவர் யன்னல் கம்பியில் நனைந்த தன் சேட்டை விரித்துக்கொண்டு நின்றார்.

"இதையோ கொண்டுவந்தனீங்கள்?"

திரும்பிப் பார்த்தார்.

"அவவிட்டையிருந்து எனக்கு மிச்சம் உது ஒண்டுதான். நீர் என்னோடை வந்திட்டீர்தானே."

பக்கத்து வாங்கிலில் இருந்தவர்களைக் கேட்டாலும் அவர் பக்கம்தான் நியாயம் என்று சொல்லியிருப்பார்கள். மட்டை நன்றாகக் காயும்வரை பார்த்திருந்து, திரும்பச் சுருட்டி, காய்ந்த பொலித்தீனாகப் பார்த்துச் சுற்றி, பிள்ளைகள் மிதிக்காத இடத்தில் நானே வைத்தேன். அவர் சொன்னது சரியென்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதனால்தான் இன்றைக்கும் எரிகிறது.